பீஸ் கம்பி செத்த தீட்டு

செம்பிலாங்குடி லைட் கம்பெனியில் எஞ்சினியரைத் தவிர மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் தங்கமான மனிதர்கள். சொன்ன வேலையைச் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். சொன்னதற்கு ஒரு நூல் கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள். அந்த ஊரில் நடந்த அத்தனை வினைக்கும் அதுதான் காரணம்.

மேஸ்திரி வைரக்கண்ணு மூத்தவர். ஏகாம்பரம் கம்பம் ஏறுகிறவன். ஏறச் சொன்னால் ஏறுவான். இறங்கச் சொல்ல மறந்துவிட்டால் மேலேயே இருப்பான். ஒரு தடவை அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப வேண்டியிருந்தது. சடையாண்டி எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுகிறவன். யோசிக்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன். ஆகவே மற்ற இருவரையும்விட அவனால்தான் சேதம் அதிகம்.

ஊருக்கு முதன்முதலாகக் கரண்டு வந்த அன்று எஞ்சினியர் ஆராவமுதன் மூவரையும் கூப்பிட்டு, பீங்கான் கட்டை ஒன்றைத் திறந்து உள்ளே இருந்த மெல்லிய கம்பியைக் காட்டினார்.

"இதான் பீஸ் கம்பி. தலைமுடி மாதிரி இருக்கேன்னு நினைக்காதீங்கோ. அளவுக்கு மேல கரண்டு வந்தா, மத்ததெல்லாம் கருகறதுக்கு முந்தி இது தன் உசிரை விட்டுடும். இது செத்துத்தான் நம்மையெல்லாம் காப்பாத்தறது. உங்க வீட்டு மனுஷா மாதிரி நினைச்சுக்கோங்கோ."

எஞ்சினியர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். மூவரும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், சந்தைப்பேட்டைக் கம்பத்தில் ஒரு காக்கை இரண்டு கம்பிக்கும் குறுக்கே உட்கார்ந்தது. பீஸ் கம்பி உயிரை விட்டது. மூவரும் பீங்கான் கட்டையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, வீட்டு மனுஷன் செத்தா தீட்டு உண்டுல்ல?" என்றான் ஏகாம்பரம்.

"உண்டு. ஆனா மாமன் மச்சான்னா மூணு நாள். பங்காளின்னா பதினாறு நாள். இவன் நமக்கு யாரு?" என்றான் சடையாண்டி.

வைரக்கண்ணு மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "இவன் நமக்குப் பொண்ணு குடுத்தானா? இல்ல. நம்மகிட்டப் பொண்ணு எடுத்தானா? அதுவும் இல்ல. ஒரே கூரைக்குக் கீழ ஒண்ணா இருந்தோம். அப்ப பங்காளிதான்டா."

மூவரும் குளத்துக்குப் போய்த் தலை முழுகினார்கள். செத்துப்போன காக்கையை ஒருவரும் கவனிக்கவில்லை. அது அவர்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை.

எட்டு மாதத்தில் பதினொரு பீஸ் போயிற்று. ஒருவனுக்குப் பதினாறு முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் அடுத்தவன் கிளம்பிக்கொண்டே இருந்தான். மூன்று வீட்டிலும் தீபாவளி இல்லை. பொங்கலுக்குப் பானை ஏறவில்லை. "அந்தக் கம்பியோட சேந்து நீயும் போயிருந்தா ஒரே செலவா முடிஞ்சிருக்கும்" என்று சடையாண்டியின் பெண்சாதி வாசலில் நின்று சொன்னாள். சடையாண்டி அதையும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தான்.

ஆனால் நிஜமாகவே வயிறெரிந்தது வைரக்கண்ணுவுக்குத்தான். அவருடைய ஒரே மகள் செண்பகவல்லிக்கு வடக்குப்பொய்கையில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தது. மூன்று தடவை முகூர்த்தம் குறித்தார்கள். மூன்று தடவை பந்தல்கால் நட்டார்கள். மூன்று தடவையும் அதே வாரத்தில் பீஸ் போனது. தீட்டு வீட்டில் கல்யாணம் நடக்குமா? மூன்று தடவையும் பந்தல்காலைப் பிடுங்கினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா கொழுந்துவேலு, மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடித்து எரிக்கிற காஸ் லைட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அவர் ஊரில் இன்னும் கரண்டு வரவில்லை. வராமல் இருந்தால் தேவலை என்பது அவர் எண்ணம். அவர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "எட்டு மாசத்துல பதினொரு சாவு விழுந்த வீடு இது. ஒரு பொணத்தையும் நான் கண்ணால பாக்கல. நாலாவது தடவையும் கல்யாணம் நின்னா என் பையனுக்கு வேற இடம் பாத்துருவேன்."

செண்பகவல்லி அழவில்லை. அழுதிருந்தால் வைரக்கண்ணு தேற்றியிருப்பார். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நான் உங்க மகளா, அந்தக் கம்பி உங்க மகனா?"

"நீதாம்மா மக. அவன் பங்காளி."

"அப்ப வைகாசி இருபதாந் தேதி தாலி ஏறுறவரைக்கும் உங்க பங்காளி சாகக் கூடாது. செத்தான்னா நான் இந்த வீட்டுலயே கிழவியாப் போவேன். அப்பறம் உங்க இஷ்டம்."

மகள் மேல் வைரக்கண்ணுவுக்கு உயிர். தாயில்லாப் பெண்ணை மடியில் போட்டு வளர்த்தவர். அவளை மணவறையில், கரண்டு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே ஜோசியரிடம் மன்றாடி, விளக்கு வைக்கும் நேரத்தில் கோதூளி லக்கினமாகப் பார்த்துக் குறித்திருந்தார். பந்தலுக்கு நூறு பல்பு போடுவதாக சம்பந்தியிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் ஏதோ சாமான் வாங்கச் சென்னப்பட்டணம் கிளம்பினார். கிளம்பும்போது மூவரையும் வரிசையாக நிறுத்தி மூன்று விஷயம் சொன்னார்.

"ஒண்ணு. பீஸ் போனா, அதே அளவு கம்பிதான் போடணும். ரெண்டு. கோளாறு வந்தா இந்த மணி அடிச்சு, சுவிட்ச் கைப்பிடி தானாக் கீழ விழும். எது விழுந்தாலும் காரணம் கண்டுபிடிக்காம தூக்கப்படாது. மூணு. வாசல்ல இடிதாங்கிக் குழி இருக்கு. இடி விழுந்தா அது வழியா பூமிக்குப் போகணும். மண்ணு காயவே கூடாது. தினம் நாலு குடம் தண்ணி ஊத்தணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றார்கள் மூவரும். எஞ்சினியர் நிம்மதியாக ரயிலேறினார். படித்தவர்களுக்கும் சில நேரம் புத்தி மட்டுத்தான்.

அன்று பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. ஏகாம்பரம் தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினான். குடை அவன் தலைக்கு மேல் இல்லை, குழிக்கு மேல் இருந்தது.

"ஏன்டா நனையிற?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"மழைத்தண்ணி உள்ள விழுந்தா கணக்கு நாலு குடத்துக்கு மேல போயிரும்ல அண்ணே."

அவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பொறுப்பான பையன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தி கொழுந்துவேலு இரண்டு மாட்டுவண்டி நிறைய ஜனங்களோடு வந்து இறங்கினார். இந்தக் கரண்டு எங்கே காய்ச்சப்படுகிறது என்று பார்க்க நேரே பவர் ஹவுசுக்கு வந்தார். வாசலில், இடிதாங்கிக் குழியை ஒட்டிய சேற்றில் கால் வைத்தார். கால் முன்னால் போனது, அவர் பின்னால் போனார், தலைப்பாகை தனியாகப் போனது.

மூவரும் ஓடிவந்தார்கள். வந்து, அவரைச் சுற்றி நின்றார்கள்.

"தூக்குங்கப்பா!" என்றார் கொழுந்துவேலு.

"பொறுங்க சம்பந்தி," என்றார் வைரக்கண்ணு. அவருக்கு வருத்தம்தான், ஆனால் உத்தரவு உத்தரவுதானே. "காரணம் தெரியாம தூக்கக் கூடாது. ஏகாம்பரம், மணி அடிச்சுதா?"

"அடிக்கல அண்ணே."

"மணி அடிக்காம விழுந்திருக்காரு. அப்ப கோளாறு நம்ம பக்கம் இல்ல. அவர் ஊர்லயே வந்திருக்கும்" என்றான் சடையாண்டி.

"கால் வழுக்கி விழுந்தாரா, விழுந்ததுனால கால் வழுக்குச்சா? அதை முதல்ல முடிவு பண்ணணும்" என்றான் ஏகாம்பரம்.

இதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள். சடையாண்டி மறுபடி ஒரு தடவை விழுந்து காட்ட முடியுமா என்று சம்பந்தியை மரியாதையாகக் கேட்டான். சேற்றில் கிடந்த கொழுந்துவேலுவுக்குக் கண் சிவந்தது.

"அடப் பாவிகளா! கொட்டற மழையில தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திச் சேறாக்கி வச்சிருக்கீங்களே, அதான்டா காரணம்!"

"காரணம் கிடைச்சிருச்சு!" என்று மூவரும் சந்தோஷமாகக் கூவி அவரை அலக்காகத் தூக்கி நிறுத்தினார்கள். "சொந்தமாவே கண்டுபிடிச்சிட்டாரு. கூர்மையான மனுஷன்" என்று ஏகாம்பரம் பாராட்டினான்.

கொழுந்துவேலு தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "சம்பந்தி, பொண்ணு நல்ல பொண்ணுங்கிறதால பொறுத்துப் போறேன். நாளைக்குத் தாலி ஏறுறதுக்குள்ள எவனாவது செத்தான்னு காதுல விழுந்துச்சு, அந்த நிமிஷமே வண்டியக் கட்டிருவேன்."

அவர் போனதும் வைரக்கண்ணு பீங்கான் கட்டையைத் திறந்து பார்த்தார். உள்ளே கம்பி, நாளைக்கு நூறு பல்பு எரிய வேண்டும் என்ற விவரம் தெரியாமல், சாதுவாக இருந்தது.

"இவன் தாங்க மாட்டான்டா. ஒல்லி உடம்பு" என்றார்.

சடையாண்டி யோசித்தான். மற்ற இருவரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

"அண்ணே, சாகிறவனை வேலைக்கு வச்சாத்தானே சாவான்? சாகாதவனா ஒருத்தனப் போடுவோம்."

"யாரு சாகாதவன்?"

"கடப்பாரை. எங்க தாத்தா காலத்துக் கடப்பாரை வீட்டுல கிடக்கு. தாத்தா செத்தாரு, அப்பா செத்தாரு, கடப்பாரைக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல."

"ஆனா எஞ்சினியர் அதே அளவு கம்பிதான் போடணும்னாரே?" என்றான் ஏகாம்பரம்.

"பீஸ் போனா, அதே அளவு போடச் சொன்னாரு. இவன் இன்னும் போகலையே. உசிரோட இருக்கும்போதே மாத்தறதப் பத்தி அவர் வாயே திறக்கலை."

வைரக்கண்ணு அவனைக் கட்டிக்கொண்டார். பழைய கம்பியைப் பத்திரமாகக் கழற்றி, பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். அது இருந்த இடத்தில் கடப்பாரையைப் பொருத்திக் கட்டினார்கள். பார்க்க வெகு லட்சணமாக இருந்தது.

"அந்தச் சுவிட்ச் கைப்பிடி?" என்றார் வைரக்கண்ணு. "அது பாதியில விழுந்துட்டா காரணம் கண்டுபிடிக்கறதுக்குள்ள முகூர்த்தம் போயிருமே."

"விழுந்தாத் தூக்கக் கூடாது, சரி. விழாம இழுத்துப் பிடிச்சுக்கக் கூடாதுன்னு எங்க சொன்னாரு?" என்றான் சடையாண்டி. கைப்பிடியில் ஒரு கிணற்றுக் கயிற்றைக் கட்டி, உத்தரத்தில் போட்டு, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நாளைக்குத் தானே உட்காருவதாகச் சொன்னான். கல்யாணச் சாப்பாட்டை இலையோடு அங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் போட்ட நிபந்தனை.

மறுநாள் சாயங்காலம் சரியாக விளக்கு வைக்கும் நேரத்தில் நூறு பல்பும் குப்பென்று எரிந்தன. பந்தலில் இருந்தவர்கள் 'ஆ' என்று வாயைப் பிளந்தார்கள். வடக்குப்பொய்கை ஜனங்கள் பல்புகளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கொழுந்துவேலுகூட ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு, யாரும் கவனித்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

செண்பகவல்லி அரக்குச் சேலையில் மணவறைக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் மூக்குத்தி மின்னியது. வைரக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகத்தில் அவரைவிடச் சந்தோஷமான தகப்பன் அன்று இல்லை.

ஏகாம்பரத்துக்கும் சந்தோஷம்தான். ஆனால் பந்தலுக்கு மேலே போன இரண்டு கம்பிகள் அவன் மனசை உறுத்தின. எட்டு மாதமாக ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஒரே கம்பத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று தொட்டதுகூட இல்லை. கல்யாண வீட்டில் ஒரு ஜோடி இப்படிப் பிரிந்து கிடந்தால் நல்லதா? மணமக்களுக்கு அல்லவா ஆகாது?

ஒரு செம்புக் கம்பியை வளைத்தான். அதற்கு மஞ்சள் தடவினான். நீளமான மூங்கில் கழியின் நுனியில் மாட்டினான். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று யாரோ கத்தினார்கள். ஏகாம்பரம் பக்தியோடு கழியைத் தூக்கி, இரண்டு கம்பியையும் சேர்த்து வைத்தான்.

பவர் ஹவுசில் மணி கணகணவென்று அடித்தது. அது பந்தல்வரை கேட்டது. "கோயில் மணி! நல்ல சகுனம்!" என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுவிட்ச் கைப்பிடி கீழே விழப் பார்த்தது. சடையாண்டி சுவரில் காலை உதைத்துக்கொண்டு, வாயில் பாதி ஜாங்கிரியோடு, கயிற்றை விடாமல் இழுத்தான். எஞ்சின் உறுமியது, முனகியது, இருமியது. கரண்டு காய்ச்சும் டைனமோ கரும்புகை விட்டது. பந்தலில் நூறு பல்பும் கண்ணை மூடின.

கும்மிருட்டு. மாப்பிள்ளை கையில் தாலியோடு அப்படியே நின்றான்.

வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பவர் ஹவுசுக்கு ஓடினார். உள்ளே ஒரே புகை. கம்பிகள் கருகித் தொங்கின. டைனமோ அடுப்பாக எரிந்து அடங்கிக்கொண்டிருந்தது. தடவித் தடவிப் பீஸ் இருந்த இடத்துக்குப் போனார்.

கடப்பாரை செக்கச்செவேலென்று ஜொலித்துக்கொண்டு கிண்ணென்று இருந்தது.

"சாகல!" என்று அலறினார் வைரக்கண்ணு. "நம்ம ஆளு சாகல!"

"அண்ணே, டைனமோ போயிருச்சே, அதுக்குத் தீட்டு உண்டா?" என்றான் சடையாண்டி, இன்னும் கயிற்றை விடாமல்.

"அதை வீட்டு மனுஷன்னு எஞ்சினியர் சொன்னாரா? இல்ல. அது யாரோ, நாம யாரோ. வாடா!"

இருவரும் பந்தலுக்கு ஓடிவந்தார்கள். "யாரும் சாகல! கல்யாணத்தை நடத்துங்க!" என்று வைரக்கண்ணு இருட்டில் கத்தினார். இதைக் கேட்டுத்தான் ஜனங்களுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

அதற்குள் கொழுந்துவேலு வேலையைத் தொடங்கியிருந்தார். வண்டியில் நாலு காஸ் லைட் ஏற்றிவந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன் என்றார். ஒவ்வொன்றாகக் காற்றடித்துப் பற்றவைத்தார். உஸ்ஸென்ற சத்தத்தோடு பந்தல் வெள்ளை வெளேரென்று ஆனது. அவர் முகம் அந்த வெளிச்சத்தைவிடப் பிரகாசமாக இருந்தது.

"கட்டுடா தாலியை" என்றார் மகனிடம்.

"ஒரு நிமிஷம்," என்றார் வைரக்கண்ணு. சூடுபட்ட பூனை அல்லவா? ஒரு விளக்கின் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "சம்பந்தி, இதுல சாகிற ஆளு யாரு?"

"என்னது?"

"ஒவ்வொரு விளக்குக்கும் ஒருத்தன் உசிரை விடுவானே. இதுல யாரு?"

கொழுந்துவேலுவுக்குத் தொழில் பெருமை வந்துவிட்டது. கண்ணாடிக்குள் வெள்ளையாகத் தொங்கிய வலைப்பையைக் காட்டினார். "இதோ, இந்த மேண்டில். புதுசா மாட்டினதும் முதல்ல எரிச்சுச் சாம்பலாக்கணும். சாம்பலான பிறகுதான் வெளிச்சம் குடுக்கும். இப்ப தொங்கறது வெறும் சாம்பல்தான்."

வைரக்கண்ணு இரண்டடி பின்வாங்கினார். "ஐயையோ! கல்யாணப் பந்தலுக்குள்ள செத்தவங்க நாலு பேரைக் கொண்டாந்து தொங்கவிட்டிருக்கீங்களே! நிறுத்துங்க கல்யாணத்தை!"

மேளக்காரர்கள் கோலைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்கள். செண்பகவல்லி மணவறையிலிருந்தே கேட்டாள்.

"மாமா, அவங்க செத்து எத்தனை நாளாச்சு?"

"மாசியில மாட்டினதும்மா. மூணு மாசம் ஆச்சு."

"அப்பா, பதினாறு தாண்டியாச்சு."

மூவரும் கூடிப் பேசினார்கள். சடையாண்டி விரல் விட்டு எண்ணினான், விரல் போதாமல் ஏகாம்பரத்தின் விரலையும் எண்ணினான். "சரிதான் அண்ணே. மாசி, பங்குனி, சித்திரை. தீட்டு கழிஞ்சு போச்சு."

"அப்பக் கட்டுங்க தாலியை!" என்று வைரக்கண்ணு முழங்கினார். மேளம் கொட்டியது. தாலி ஏறியது. அவர் சம்பந்தியைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கொழுந்துவேலுவும் அழுதார். அவருக்கு ஏன் அழுகை வந்தது என்பது சரியாகத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து எஞ்சினியர் ஆராவமுதன் ஊர் திரும்பினார். கருகின கம்பிகளைப் பார்த்தார். உருகின டைனமோவைப் பார்த்தார். கடைசியில் பீங்கான் கட்டையைத் திறந்தார்.

உள்ளே பீஸ் கம்பி இல்லை. கடப்பாரையும் இல்லை, அதைச் சடையாண்டி வீட்டில் திருப்பி வைத்துவிட்டான். அந்த இடத்தில், எரிந்து வெளுத்த காஸ் லைட் மேண்டில் ஒன்று நூலால் கட்டித் தொங்கியது. நெற்றியில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டுகூட இருந்தது.

"இது என்னய்யா?" என்றார் எஞ்சினியர், ஈனஸ்வரத்தில்.

"சம்பந்தி குடுத்தது சார்," என்றார் வைரக்கண்ணு பெருமையாக. "இவர் முன்னாடியே செத்தவர். இனிமே எவ்வளவு கரண்டு வந்தாலும் சாக மாட்டார். நமக்கும் தீட்டு வராது."

எஞ்சினியர் விரலை நீட்டி அதைத் தொட்டார். மேண்டில் பொலபொலவென்று உதிர்ந்து தரையில் பொடியாகக் கொட்டியது.

ஏகாம்பரம் மெதுவாகத் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். வைரக்கண்ணு எஞ்சினியரை மேலும் கீழும் பார்த்தார்.

"உசிரோட இருக்கிறவங்களைக் கொன்னவங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் சார். செத்தவரைக் கொன்னவரை இன்னிக்குத்தான் பாக்கிறேன். எதையும் தொடாதீங்க. முதல்ல குளத்துக்குப் போய்த் தலை முழுகிட்டு வாங்க."